குண்டிக்காயும் மனச்சான்றும்: கெலாயோத் என்ற எபிரேயச் சொல்

பழைய தமிழ் வேதாகமத்தில் லேவியராகமம் 3:4-ஐப் புரட்டினால் கசாப்புக் கடை வாடை அடிக்கும். "இரண்டு குண்டிக்காய்களையும்" அவற்றின் மேலுள்ள கொழுப்பையும் பிரித்தெடுத்துப் பலிபீடத்தில் எரிக்கச் சொல்கிறது அந்த வசனம். அதே வேதாகமத்தில் சங்கீதம் 16:7-க்கு வந்தால், "இராக்காலங்களிலும் என் உள்ளிந்திரியங்கள் என்னை உணர்த்தும்" என்று தாவீதின் பெயரால் ஒரு மெல்லிய வரி. எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே சொல்தான்: கெலாயோத். சிறுநீரகங்கள்.

தமிழில் வாசிப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. ஆட்டின் உடம்பில் இருந்தால் குண்டிக்காய், மனிதனின் உள்ளத்தைக் குறித்தால் உள்ளிந்திரியம் என்று மொழிபெயர்த்தவர்கள் பிரித்துவிட்டார்கள். எபிரேயர் பிரிக்கவில்லை. பலிபீடத்தில் கொழுப்போடு பொசுங்கிய அந்த உறுப்பைத்தான் தன்னை இரவில் கண்டிக்கிற உறுப்பாகவும் அந்தக் கவிஞன் சொன்னான். ஆட்டை உரித்துப் பிளந்து பார்த்த கை சொல்கிற செய்தி தெரியாமல் இந்த உருவகம் பிடிபடாது.

முதலில் சொல்லின் அமைப்பு. இதன் ஒருமை கில்யா. ஆனால் எபிரேய வேதாகமம் முழுவதிலும் ஒருமை வடிவம் ஓரிடத்திலும் வருவதில்லை. முப்பது தடவைக்கு மேல் வரும் இச்சொல் எப்போதும் பன்மைதான். இதில் ஒரு விசித்திரம். கை, கண், காது போன்ற இரட்டை உறுப்புகளுக்கு எபிரேயத்தில் இருமை வடிவம் உண்டு: யாதாயிம், எனாயிம், ஒஸ்னாயிம். சிறுநீரகமும் இரண்டுதான் என்றாலும் அதற்கு இருமை கிடையாது. "இரண்டு" என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் எண்ணுப்பெயரைச் சேர்த்து "ஷ்தே ஹகெலாயோத்" என்கிறது லேவியராகமம். பால் பெண்பால், நீதிமொழிகள் 23:16-இல் அது ஏற்கும் வினை பெண்பால் பன்மையில் இருப்பதால் சந்தேகமில்லை.

சொல்லின் வேர் பற்றிப் பிரசங்க மேடைகளில் பல கதைகள் உலவுகின்றன. "கோல்" (எல்லாம்) என்பதிலிருந்து வந்தது, ஆகவே மனிதனின் முழுமையைக் குறிக்கிறது என்பது அவற்றில் ஒன்று. ஒலி ஒற்றுமையை நம்பிக் கட்டிய வீடு அது. அக்காதிய மொழியில் கலீத்து, அரபியில் குல்யா, அரமேயத்தில் குல்யா என்று செமித்திய மொழிகள் பலவற்றிலும் இதே சொல் இதே உறுப்பைக் குறிக்கிறது. பழைய, பொதுவான, வெறும் உறுப்புப் பெயர். தமிழின் "சிறுநீரகம்" தன் வேலையைப் பெயரிலேயே சொல்லிவிடும். கெலாயோத்தில் நீரும் இல்லை, கழிவும் இல்லை. வேதாகமம் எங்குமே இந்த உறுப்பைச் சிறுநீரோடு தொடர்புபடுத்துவதில்லை. "சிறுநீரகங்கள் என்னைக் கண்டிக்கின்றன" என்று இன்றைய தமிழில் பெயர்த்தால் சிரிப்பு வருவதற்கு நம் சொல்லே காரணம். அந்த வகையில் "குண்டிக்காய்" எவ்வளவோ மேல்: அது இடத்தையும் வடிவத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

உரித்தவன் கண்ட உறுப்பு

ஆட்டின் வயிற்றைக் கிழித்தால் முதலில் வெளியே சரிவது இரைப்பையும் குடலும். பிறகு ஈரல், மண்ணீரல். இவற்றையெல்லாம் அள்ளி எடுத்த பின்னும் சிறுநீரகம் கண்ணில் படாது. குடலைச் சுற்றியுள்ள சவ்வுப் பைக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, இரு பக்கமும் கொழுப்புக் கட்டிக்குள் புதைந்து கிடக்கும். கொழுப்பைக் கையால் பிளந்தால்தான் உள்ளே வழுவழுவென்று அவரைவிதை போல ஒன்று தட்டுப்படும். மாட்டில் அந்த வழுவழுப்பும் இல்லை. திராட்சைக் குலையைச் சேர்த்து அமுக்கியது போலப் பல மடல்களாக இருக்கும். மனித உடலிலும் இடம் அதுதான்: கடைசி விலா எலும்புகளின் உயரத்தில், முதுகுத் தசையின் மேல், சுமார் 11 செ.மீ. நீளமும் 150 கிராம் எடையுமாக ஒவ்வொன்றும். மேலே ஈரல் அமர்ந்திருப்பதால் வலதுபக்கத்தது சற்றுக் கீழே இறங்கியிருக்கும்.

ஆக, உடம்பைத் திறப்பவன் கடைசியாகச் சென்றடையும் உறுப்பு. கொழுப்பால் மூடப்பட்டது. இரண்டாக இருப்பது. "உள்ளத்தின் அடியாழம்" என்று நாம் அருவமாகச் சொல்வதை எபிரேயக் கவிஞன் கையால் தொட்டுக் காட்டினான்.

எகிப்தியரும் இதே உறுப்பிடம் வந்து நின்றார்கள். உடலைப் பதப்படுத்துகிறவர் குடல் முதலானவற்றை எல்லாம் எடுத்துவிட்டு இதயத்தையும் சிறுநீரகங்களையும் மட்டும் உள்ளேயே விடுவார் என்று கி.மு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதிவைத்திருக்கிறார். இதயத்தைச் சமயக் காரணத்துக்காக விட்டார்கள். சிறுநீரகம் தப்பியதற்கு, இடுப்புப் பக்கம் போட்ட சிறு கீறல் வழியாக அதை எடுப்பது சிரமமாயிருந்ததும் காரணமாக இருந்திருக்கலாம்.

பலிபீடத்தின் பங்கு

சமாதானபலியில் மாடு, செம்மறியாடு, வெள்ளாடு எதுவானாலும் கடவுளுக்கு உரிய பங்கு திட்டவட்டமானது: குடலை மூடிய கொழுப்பு, குடலை ஒட்டிய கொழுப்பு, இரண்டு சிறுநீரகங்கள், அவற்றின் மேலுள்ள கொழுப்பு, ஈரலின் மேல் உள்ள ஒரு பகுதி. செம்மறியாடாக இருந்தால் கொழுத்த வாலும் சேரும். தசை இறைச்சி ஆசாரியனுக்கும் பலி கொண்டுவந்தவனுக்கும் போய்விடும். இப்பங்கில் ஈரலின் அந்தப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் கொழுப்பும், கொழுப்புக்குள் பொதிந்த சிறுநீரகமும்தான்.

இதில் நடைமுறை அறிவும் உண்டு. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு உடலிலேயே கெட்டியானது. ஏறத்தாழ 45 முதல் 50 பாகை செல்சியஸில்தான் உருகும். ஆறினால் மெழுகு போல் இறுகும், தீயில் போட்டால் நின்று எரியும். புகையாகப் பலி மேலே போக வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான எரிபொருள் விலங்கின் உடம்பில் கிடையாது.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இங்கே ஒரு சறுக்கல். சிறுநீரகக் கொழுப்பு இருக்குமிடத்தை அது "சிறுகுடல்களிடத்தில்" என்கிறது. எபிரேயத்தில் இருப்பது கெசாலிம், அதாவது இடுப்பின் இரு பக்கங்கள். சிறுகுடல் இருக்கும் இடமே வேறு. உரித்துப் பார்த்தவர் யாரும் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள். "கல்லீரலின்மேல் இருக்கிற ஜவ்வு" என்பதும் ஐயத்துக்குரியதுதான். யோத்தேரெத் என்ற அச்சொல் ஈரலில் விரல் போல் நீட்டிக்கொண்டிருக்கும் மடலைக் குறிப்பதாகவே இன்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். பாபிலோனியர் ஆட்டீரலை வைத்துக் குறி பார்த்தபோது கூர்ந்து கவனித்த பகுதிகளில் அதுவும் ஒன்று, அவர்கள் அதற்கு இட்ட பெயரும் "விரல்"தான். குறி பார்க்க இடம் கொடுக்காமல் இஸ்ரவேலர் அதை எரித்துவிட்டார்கள் என்று ஒரு கருத்து உண்டு.

கொழுப்பு கடவுளுக்கு என்று ஆனதும் மனிதனுக்கு அது விலக்கப்பட்டது. லேவியராகமம் 7:23 மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றின் கொழுப்பையும் உண்ணக் கூடாதென்கிறது. மீறினால் தண்டனை கடுமையானது. கோவில் கி.பி. 70-இல் அழிந்த பிறகும் இந்த விலக்கு யூதச் சமையலறையில் அப்படியே நிற்கிறது. விலக்கப்பட்ட கொழுப்புக்குப் பெயர் ஹேலெவ். தசையோடு கலந்த கொழுப்பு ஷூமான், அதை உண்ணலாம். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? துணி போல் விரிந்திருக்கும், மெல்லிய சவ்வு மூடியிருக்கும், உரித்தால் தனியே வரும்: யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் ஹுல்லின் பகுதி ஹேலெவ்வுக்குச் சொல்லும் மூன்று அடையாளங்கள் இவை.

சிறுநீரகம் விலக்கப்பட்ட உறுப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை; அதைச் சுற்றிய கொழுப்புதான் விலக்கு. கொழுப்பு எடுக்கும் வேலைக்கு நிக்கூர் என்று பெயர், செய்பவர் மெனக்கேர். மேல் கொழுப்பை உருண்டையாகக் கழற்றுவது எளிது. சவ்வை உரிப்பது அதைவிடச் சிரமம். இரத்தக்குழாய் நுழையும் குழிவில் வெள்ளையாக ஒரு கொழுப்பு உள்ளே இறங்கியிருக்கும். அதையும் கத்தி முனையால் தோண்டி எடுக்க வேண்டும், தவறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான். மாட்டுச் சிறுநீரகத்தில் மடல்களுக்கு இடையிலும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதால் வேலை இரட்டிப்பு. விலங்கின் பின்பாதியில் தொடை நரம்பையும் நீக்க வேண்டியிருப்பதால், இஸ்ரேலுக்கு வெளியே பல நாடுகளில் கோஷர் (யூத உணவு விதிப்படி விற்கும்) கடைகள் பின்பாதி இறைச்சியைத் தொடுவதே இல்லை. மான் போன்ற காட்டு விலங்குக்கும் பறவைக்கும் இந்தக் கொழுப்பு விலக்கு கிடையாது; பலிக்குரிய கால்நடைகளின் கொழுப்பு மட்டுமே பலிபீடத்தோடு கட்டுப்பட்டது.

தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதில் ஒரு வேடிக்கை. ஹுல்லின் 3:2-இன்படி, அறுத்த விலங்குக்குச் சிறுநீரகங்களே இல்லை என்றாலும் அது உண்ணத் தகுந்ததுதான். ஆனால் நோயால் சுருங்கியிருந்தால் தகாது என்கிறது தல்மூது: ஆட்டில் அவரை அளவுக்கு, மாட்டில் திராட்சை அளவுக்குச் சுருங்கினால் விலக்கு. முற்றிலும் இல்லாதது செல்லும், சுருங்கியது செல்லாது.

கொழுப்பு என்றால் சிறந்தது என்ற பொருள் இதிலிருந்தே கிளைத்தது. உபாகமம் 32:14-இல் "கொழுமையான கோதுமை" என்று நாம் வாசிப்பது எபிரேயத்தில் "கோதுமையின் சிறுநீரகக் கொழுப்பு". கோதுமைமணியின் வளைந்த வடிவமும் நடுப்பள்ளமும் அந்த உறுப்பை நினைவூட்டியிருக்கலாம்.

சோதிக்கப்படுவது, கண்டிப்பது, குத்துப்படுவது

கவிதையிலும் தீர்க்கதரிசன நூல்களிலும் கெலாயோத் அடிக்கடி லேவ் என்ற சொல்லோடு இணையாக வரும். லேவ் என்றால் இதயம். ஆனால் நம்மைப் போல் அன்புக்கும் காதலுக்கும் உரிய இதயமாக எபிரேயர் அதைக் கருதவில்லை. யோசிப்பதும் திட்டமிடுவதும் முடிவெடுப்பதும் லேவ்வின் வேலை. அதற்கும் கீழே, திட்டமாக உருவாகுமுன் கிளம்பும் ஆசை, அச்சம், உறுத்தல் ஆகியவை கெலாயோத்தில். சங்கீதம் 7:9, 26:2, எரேமியா 11:20, 17:10, 20:12 ஆகிய ஐந்து இடங்களில் கடவுள் இந்த இரண்டையும் சோதிக்கிறார் அல்லது பார்க்கிறார். எபிரேயப் பதிப்பில் தேடுவோர் கவனிக்க: அங்கே சங்கீதத் தலைப்பும் எண்ணில் சேர்வதால் 7:9 என்பது 7:10 ஆகிவிடும்.

அந்த வினைகளைப் பாருங்கள். "பாஹன்" என்பது உலோகத்தை உரசிப் பார்த்து மாற்று அறிவது. 26:2-இல் வரும் "த்ஸாரஃப்" என்பது உருக்கிக் கசடு நீக்குவது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் "புடமிட்டுப்பாரும்" என்று எழுதியது அபாரம். தட்டார் பட்டறைச் சொல்லுக்குத் தட்டார் பட்டறைச் சொல். எரேமியா 17:10-இல் இரண்டு உறுப்புக்கும் இரண்டு வினை: லேவை "ஆராய்வது", கெலாயோத்தை "சோதிப்பது". திட்டத்தைத் துருவி விசாரிக்கலாம். ஆசைக்கு வாய் கிடையாது. தீயில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எரேமியாவின் மிகக் கூரிய வரி 12:2. கெட்டவர்கள் செழிப்பதைப் பற்றி முறையிடும்போது சொல்கிறார்: "நீர் அவர்கள் வாய்க்குச் சமீபமும், அவர்கள் உள்ளிந்திரியங்களுக்கோ தூரமுமாயிருக்கிறீர்." வாய் உடம்பின் வாசல், சிறுநீரகம் கொல்லைக்கோடி. உறுப்புகளின் இடம் தெரிந்தால் இந்த வரியின் தூரம் கண்ணுக்கே தெரியும். "உள்ளிந்திரியம்" என்று வாசிக்கையில் அது வெறும் குறையாகப் போய்விடுகிறது.

சங்கீதம் 16:7-க்குத் திரும்பலாம். "உணர்த்தும்" என்ற தமிழ் மிகவும் மென்மை. எபிரேய வினை "யிஸ்ஸெரூனி". அதன் வேர், தகப்பன் மகனை அடித்துத் திருத்துவதற்கு உபாகமம் 8:5 பயன்படுத்தும் அதே வேர். இரவு என்பதும் பன்மையில் இருக்கிறது. பகலெல்லாம் ஆலோசனை தருபவர் கடவுள். படுத்த பிறகு அடிப்பது சொந்தச் சிறுநீரகங்கள். ஊர் அடங்கிய நேரத்தில்தான் முதுகுப் பக்க வலி பெரிதாகத் தெரியும் என்பதை அனுபவித்தவர்களுக்கு உருவகம் விளக்க வேண்டாம்.

வலி இந்தச் சொல்லைச் சுற்றியே வருகிறது. சங்கீதம் 73:21-இல் பொறாமையால் வெந்தவன் "என் உள்ளிந்திரியங்களிலே குத்துண்டேன்" என்கிறான். புலம்பல் 3:13-இல் கடவுளின் அம்பறாத்தூணியிலிருந்து அம்புகள் சிறுநீரகத்தில் பாய்கின்றன. எபிரேயம் அந்த அம்புகளைத் "தூணியின் பிள்ளைகள்" என்கிறது. யோபு 16:13-இல் வில்லாளர் சூழ, கடவுள் யோபுவின் சிறுநீரகங்களைப் பிளக்கிறார், பித்தத்தைத் தரையில் ஊற்றுகிறார். முதுகின் பக்கவாட்டில் பாய்ந்த அம்பு கொழுப்பைத் துளைத்து நேராக எங்கே போகும் என்பது போர்க்களம் பார்த்த சமூகத்துக்குத் தெரியும்.

யோபு 19:27-இல் மட்டும் ஒலி விளையாட்டு: "காலூ கில்யோதாய்". முடிந்துபோதல் என்ற வினையும் சிறுநீரகம் என்ற பெயரும் ஒரே ஓசையில் மோதுகின்றன. "உள்ளிந்திரியங்கள் எனக்குள் சோர்ந்துபோகிறது" என்பதில் பொருள் வந்தது, ஓசை வரவில்லை. யார் பெயர்த்தாலும் வராது.

துன்பம் மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். நீதிமொழிகள் 23:16-இல் மகன் சரியானதைப் பேசினால் தகப்பனின் கெலாயோத் துள்ளுகின்றன. சங்கீதம் 139:13-இல் கருவில் கடவுள் உருவாக்குவதாக முதலில் பெயர் சொல்லப்படும் உறுப்பும் இதுவே. தமிழில் "கைக்கொண்டிருக்கிறீர்" என்றிருக்கும் அந்த வினைக்குப் பெறுதல், உருவாக்குதல் இரண்டு பொருளும் உண்டு. கர்ப்பத்தைப் பற்றிய வரியில் இரண்டாவதே பொருந்துகிறது.

ஈரக்குலை நடுங்குகிறது, வயிறு எரிகிறது என்று சொல்லும் நமக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றக் கூடாது. எந்த உணர்ச்சியை எந்த உறுப்பில் வைப்பது என்பதை ஒவ்வொரு மொழியும் தனியே முடிவு செய்கிறது.

இரண்டு ஆலோசகர்கள்

தல்மூதின் பெராகோத் 61அ உறுப்புகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பட்டியல் புகழ்பெற்றது: சிறுநீரகம் ஆலோசனை சொல்லும், இதயம் புரிந்துகொள்ளும், நாக்கு சொல்லை வெட்டி வடிக்கும், வாய் முடித்து வைக்கும், ஈரல் கோபப்படும், பித்தம் ஒரு துளி விட்டு அதைத் தணிக்கும், மண்ணீரல் சிரிக்கும். நீரை இழுக்கும் வேலை நுரையீரலுக்குப் போயிருக்கிறது. சிறுநீரகத்துக்கு நீரோடு ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஏன் இரண்டு என்ற கேள்விக்கும் அங்கேயே பதில்: ஒன்று நல்லதைச் சொல்லும், மற்றது கெட்டதைச் சொல்லும். நல்லது வலப்பக்கத்ததாக இருக்கும். ஞானியின் இருதயம் வலப்பக்கம், மூடனுடையது இடப்பக்கம் என்று பிரசங்கி 10:2 சொல்வது ஆதாரம். ஆதியாகமத்துக்கான மித்ராஷ் என்ற பழைய யூத விளக்கநூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆபிரகாமுக்குத் தகப்பன் கற்றுத்தரவில்லை, ஆசிரியரும் இல்லை. பிறகு எங்கிருந்து கற்றான்? அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் கடவுள் இரண்டு ரபிகளைப் போல் ஆக்கினார், அவை ஊற்றெடுத்து அவனுக்கு ஞானம் போதித்தன. சான்று வசனம் மீண்டும் சங்கீதம் 16:7. கண்டித்த உறுப்பு இங்கே வாத்தியாராகிவிட்டது. எபிரேயத்தில் கண்டிப்பும் படிப்பும் ஒரே வேரிலிருந்து வருவதால் தாவல் பெரிதல்ல.

தமிழுக்கு வந்த வழி

கிரேக்கத்தில் நெஃப்ரோய், இலத்தீனில் ரேனேஸ். இரண்டும் உறுப்பின் பெயரையே வைத்துக்கொண்டன. வெளிப்படுத்தின விசேஷம் 2:23-இல் கிரேக்க மூலமும் நெஃப்ரோய் என்றே எழுதுகிறது. தமிழ்தான் பிரித்தது. "உள்ளிந்திரியம்" என்ற கூட்டுச்சொல் உள்ளே இருக்கும் புலன் என்ற பொருளில் ஆக்கப்பட்டது, கம்பீரமும் இருந்தது. சிக்கல், இந்திரியம் என்ற சொல்லுக்கு விந்து என்ற பொருளும் வழக்கில் இருப்பது. லேவியராகமம் 15:16-இல் "இந்திரியம்" அந்தப் பொருளில்தான் வருகிறது. ஒரே நூலில் இரண்டையும் பார்க்கும் இளம் வாசகர் குழம்புவது இயல்பு. வேதபாட வகுப்பில் ஆசிரியர் இந்த இடத்தை விரைந்து கடப்பதும் இயல்பு. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் சங்கீத வரியை "இரவில்கூட என் மனச்சான்று என்னை எச்சரிக்கின்றது" என்று தெளிவாக்கிவிட்டது. பொருள் சரி. உடம்புதான் காணாமல் போயிற்று.

ஆனால் "மனச்சான்று" என்ற தேர்வுக்கு எபிரேயமே சாட்சி சொல்லும். மனச்சாட்சிக்கென்று வேதாகம எபிரேயத்தில் தனிச்சொல் இல்லை. இன்றைய இஸ்ரேலியர் ஒருவர் குற்ற உணர்வால் தூங்க முடியவில்லை என்று சொல்ல விரும்பினால் "மூசார் கெலாயோத்" என்பார்: சிறுநீரகங்களின் கண்டிப்பு, 16:7-இலிருந்து நேரே இறங்கிய தொடர். செய்தித்தாளிலும் நீதிமன்ற விவாதத்திலும் சாதாரணமாகப் புழங்குகிறது. யூதரின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரின் பாவ அறிக்கையில் கடவுள் "வயிற்றின் அறைகளையெல்லாம் துழாவுகிறவர், கெலாயோத்தையும் லேவையும் சோதிக்கிறவர்" என்று அழைக்கப்படுகிறார்.

அதே சொல் ஒருமையிலும் இன்று நிறையக் கேட்கிறது. வேதாகமத்தில் ஒருமுறையும் வராத கில்யா இப்போது மருத்துவமனைப் படிவங்களில் இருக்கிறது: "த்ரூமத் கில்யா", சிறுநீரக தானம். எருசலேமில் 2009-இல் ரபி யெஷயாஹு ஹேபெர் தொடங்கிய மத்னத் ஹயீம் அமைப்பு, முன்பின் தெரியாதவர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வருபவர்களைத் திரட்டுகிறது. ஹேபெரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், 2020-இல் காலமானார். அந்த தானக்காரர்களில் பெரும்பாலோர் தோரா படிக்கும் சமூகங்களைச் சேர்ந்தவர்கள், பெராகோத் 61அ பலருக்கும் தெரிந்திருக்கலாம். அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் எடுப்பது இடப்பக்கத்தது. அதன் இரத்தநாளம் நீளமாக இருப்பதால் பொருத்துவது எளிது.